ஒளியும் ஒரு மருந்தே
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் கடைசிப் பாடவேளையின்போது எங்கள் வகுப்பின் மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருக்கும். அந்த இடத்திற்குரிய தோழி, சிஸ்டரிடம் அனுமதி பெற்று, வாயிலில் காத்திருக்கும் தன் தாயாருடன் புறப்பட்டுவிடுவாள். கணக்குப் பாடத்திலிருந்து தப்பித்துக்கொள்ளும் பாக்கியசாலி என்று நாங்கள் பொறாமைப்பட்டதுண்டு. அது மட்டுமா? அவளுடைய முழங்கையிலும் விரல்களிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றிய நாள் முதல், அவள் குடித்த டம்ளரை நாங்கள் இரண்டு முறை கழுவினோம். மதிய உணவுக்கு வட்டமாக உட்காரும்போது அவள் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டோம். யாரும் சொல்லிக் கொடுத்து நாங்கள் அப்படிச் செய்யவில்லை. எங்களுக்கே தோன்றியது, செய்தோம்.

ஒரு நாள் எங்கள் விஞ்ஞான ஆசிரியையான சிஸ்டர் இதைப் பார்த்துவிட்டார்கள். எங்களைத் திட்டவில்லை. “வருகிற வெள்ளிக்கிழமை உங்களில் மூன்று பேர் அவளுக்குத் துணையாகப் போய் வாருங்கள். பார்த்ததை வகுப்பில் வந்து சொல்லுங்கள்” என்றார்கள். அவ்வாறு ஆஸ்பத்திரியில் கண்டதையும், டாக்டரம்மாவிடம் கேட்டறிந்ததையும், பின்னர் நூலகத்தில் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறோம். “என் பேரை மட்டும் போடாதீங்கடி, மத்ததெல்லாம் எழுதுங்க” என்று அவளே சொல்லிவிட்டாள்.

முதலில் நோயைப் பற்றிப் பார்ப்போம். நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்னும் நிறமி. மேல்தோலின் அடி அடுக்கில் இருக்கும் மெலனோசைட் என்ற செல்கள் இதை உண்டாக்குகின்றன. நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவல் படையே சிலரிடம் இந்தச் செல்களைப் பகையென்று எண்ணித் தாக்கிவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். நிறமி இல்லாமற்போன இடம் பால்போல வெளுத்துவிடும். மருத்துவர்கள் இதனை விட்டிலைகோ என்பர். உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது இருக்கிறது.

இதை ‘வெண்குஷ்டம்’ என்று அழைப்பது பெருந்தவறு. குஷ்டம், அதாவது தொழுநோய், ஒரு பாக்டீரியாவினால் வருவது. அந்தக் கிருமியை ஹேன்சன் என்ற நார்வே நாட்டு மருத்துவர் 1873ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குன்றியிருக்கும். ஆனால் வெண்புள்ளியில் ஊசி குத்தினால் வலிக்கும், சூடும் குளிர்ச்சியும் நன்றாகத் தெரியும். இதில் கிருமியே கிடையாது. கிருமி இல்லாதபோது ஒட்டுவாரொட்டியாகப் பரவுவது எப்படி? டம்ளரைக் கழுவிய நாங்கள் இந்த ஒரு கேள்வியை முன்னமே கேட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் எங்களுடன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு வேறு நோய். அது சொரியாசிஸ். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். நம் மேல்தோலின் செல்கள் அடியில் பிறந்து, மேலே வந்து, உதிர்வதற்குச் சுமார் ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் அந்தப் பயணம் நான்கைந்து நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. பழையது உதிர்வதற்குள் புதியது வந்து குவிவதால் தோல் தடித்துச் சிவந்து, வெள்ளிச் செதில்களாக உதிர்கிறது. இதற்கும் காரணம் நம் காவல் படையின் கலகமே. இதுவும் ஒட்டாது. அந்தப் பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரயாணிகள் சில்லறையை அவர் கையில் கொடுக்காமல் தோல் பைக்குள் போடுவார்களாம். “பதினைஞ்சு வருஷமா நான் கறுப்புச் சட்டை போட்டதில்லைம்மா, செதில் விழுந்தா தெரிஞ்சிடும்” என்றார். அன்று அவர் அணிந்திருந்தது கருநீலச் சட்டை. அதுவரை 24 முறை ஒளிச் சிகிச்சை எடுத்திருந்தார்.

அந்த ஒளி எது? வானவில்லின் ஊதா நிறத்திற்கு அப்பால், நம் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் இருப்பதை 1801ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ரிட்டர் கண்டார். வெள்ளி உப்பு பூசிய காகிதம், ஊதாவையும் தாண்டிய இருட்டுப் பகுதியில்தான் மிக விரைவாகக் கறுத்தது. அவையே புறஊதாக் கதிர்கள்.

ஒளியை வைத்து நோயைக் குணப்படுத்தலாம் என்று நவீன மருத்துவத்திற்குக் காட்டியவர் நீல்ஸ் பின்சென். பாரோ தீவுகளில் பிறந்து டென்மார்க்கில் வாழ்ந்த இவர், தாமே தீராத நோயாளி. முகத்தை அரிக்கும் தோல் காசநோய்க்குச் செறிவூட்டிய ஒளியால் சிகிச்சை செய்ததற்காக 1903ஆம் ஆண்டில் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே, 43ஆம் வயதில், காலமானார்.

ஆனால் இந்தக் கதை பின்சென்னுக்கும் வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. நம் பாட்டிமார் குளியல் பொடியில் சேர்க்கும் கார்போகரிசியைத் தோழியர் அறிந்திருப்பீர்கள். சிறிய கரிய விதை, ஒரு மாதிரி மணம். இதை வெண்புள்ளிக்குப் பூசி வெயிலில் காட்டுவது இந்தியாவின் பழைய வைத்தியம். எகிப்தியரும் நைல் நதிக்கரையில் வளரும் வேறொரு செடியின் விதையை இவ்வாறே பயன்படுத்தினர். இரண்டிலும் சோராலென் என்ற வகைப் பொருள்கள் உள்ளன. இவை தோலை ஒளிக்கு மிகவும் கூச்சமுடையதாக ஆக்கிவிடும். கெய்ரோவைச் சேர்ந்த எல் மோப்தி என்ற மருத்துவர் 1940களில் எகிப்தியச் செடியிலிருந்து பிரித்தெடுத்த மருந்தைக் கொடுத்து வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்தார். பின்னர் 1974ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள், சோராலென் மாத்திரை கொடுத்துச் சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, நீண்ட அலை புறஊதாக் கதிரைச் செலுத்தி சொரியாசிஸைத் தணித்தனர். ‘பூவா’ என்று பெயர். (பெயரைக் கேட்டதும் நாங்கள் சிரித்துவிட்டோம்.) பல ஆண்டுகள் பூவா சிகிச்சை பெற்றவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது என்பது பின்னால் தெரிய வந்தது.

கார்போகரிசியை வீட்டிலேயே அரைத்துப் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் நிற்பவர்களைப் பற்றி டாக்டரம்மா சற்றுக் கோபமாகவே பேசினார்கள். தோல் வெந்து கொப்புளங்களுடன் வருகிறார்களாம். நம் நாட்டு மருந்து என்பதால் தீங்கு செய்யாது என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

மாத்திரையே இல்லாமல், ஒளியை மட்டும் கொண்டு சிகிச்சை செய்ய முடியாதா? புறஊதாவில் எந்த அலைநீளம் பயன் தருகிறது, எது சுடுவதோடு நின்றுவிடுகிறது என்று பேரிஷ், ஜேனிக் என்ற இருவர் ஆராய்ந்து 1981ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 290 நானோமீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளமுள்ள கதிர்கள் தோலைச் சிவக்க வைத்தனவே தவிர, சொரியாசிஸைக் குறைக்கவில்லை. 313 நானோமீட்டர் அருகில் நல்ல பலன் இருந்தது. எனவே 311 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும் வீசும் குழல் விளக்குகள் 1980களில் வந்தன. வெண்புள்ளிக்கும் அவை பயன்படும் என்பதை 1997ஆம் ஆண்டில் நெதர்லாந்து மருத்துவர்கள் காட்டினர். இதில் மாத்திரை இல்லாததால் சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூடக் கொடுக்கிறார்கள்.

இப்போது நாங்கள் கண்ட காட்சிக்கு வருகிறோம். அந்தக் கருவி ஆள் உயரப் பீரோ போன்றது. கதவைத் திறந்தால் உட்புறச் சுவர் முழுவதும் நெட்டு நெட்டாகக் குழல் விளக்குகள். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடுமாதலால் இக்குழல்களைத் தனிவகைக் கண்ணாடியில் செய்கிறார்கள். தோழி கறுப்புக் கண்ணாடி அணிந்து உள்ளே சென்றாள். கதவு மூடியது. கீழிடுக்கு வழியே நீல வெளிச்சம் தெரிந்தது, விசிறி ஓடும் சத்தம் கேட்டது. 2 நிமிடம் 20 வினாடி. விளக்கு தானே அணைந்தது. அவ்வளவுதான்! இதற்காக அவள் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அது அவளுக்கு 19ஆவது முறை.

உள்ளே போகுமுன் நர்ஸ் அம்மா நோட்டைப் புரட்டி, “போன தடவை சிவந்துச்சா? மறுநாளும் இருந்துச்சா?” என்று கேட்டார்கள். அளவை ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். ஆனால் சிவப்பு ஒரு நாளில் மறையாவிட்டால் கூட்டமாட்டார்கள். கதிரினால் ஏற்படும் சிவப்பு ஏறக்குறைய ஒரு நாள் கழித்தே முழுதாகத் தெரியும். அதனால்தான் அடுத்தடுத்த நாளில் கொடுப்பதில்லை.

“நம் பள்ளி மைதானத்தில் இல்லாத வெயிலா? அங்கேயே நிற்கக் கூடாதா?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். வெயிலில் எல்லாக் கதிர்களும் கலந்திருக்கும், மேகத்திற்கும் மணிக்கும் ஏற்ப அளவு மாறும், நிறமியின் பாதுகாப்பில்லாத வெள்ளைத் திட்டு மற்றத் தோலைவிடச் சீக்கிரம் வெந்துவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார்கள்.

ஒளி அங்கே என்ன செய்கிறது? கலகம் செய்யும் காவல் படையை அது அடக்குகிறது. சொரியாசிஸில் செல்கள் அவசரமாகப் பெருகுவதைத் தணிக்கிறது. வெண்புள்ளியிலோ, உறங்கும் நிறமிச் செல்களை எழுப்புகிறது. அவை எங்கே உறங்குகின்றன தெரியுமா? முடியின் வேர்களில்! திட்டின் மேல்பரப்பில் உள்ள செல்கள் அழிந்தாலும் வேர்க்குழியில் சில பிழைத்திருக்கும். அவை பெருகி மேலே ஏறி வருவதால், நிறம் ஒவ்வொரு முடியைச் சுற்றியும் சிறு பழுப்புப் பொட்டாகத் தோன்றி, பிறகு விரிந்து ஒன்றோடொன்று சேரும். இதைக் கேட்டதும் தோழி தன் விரல்களைத்தான் பார்த்தாள். விரல் நுனியில் முடி ஏது? “முகத்துக்குச் சீக்கிரம் வரும், முழங்கைக்கு மெதுவாக வரும், விரல் நுனி கஷ்டம்தான்” என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்கள். திட்டிலுள்ள முடியே வெளுத்துவிட்டாலும் நிறம் திரும்புவது அரிது. பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகும். நிறம் வந்தபின் மீண்டும் போவதும் உண்டு. சொரியாசிஸும் அவ்வாறே, சில மாதங்கள் அடங்கியிருந்து திரும்பி வரலாம்.

பெண்களாகிய நமக்கென்று டாக்டரம்மா தனியே சொன்னது ஒன்றுண்டு. இந்த நோய் உள்ளவர்களுக்குத் தோல் உராயும் இடத்திலும் காயம்படும் இடத்திலும் புதிய திட்டு தோன்றக்கூடும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடுப்பில் இப்படி வருவதை நிறையப் பார்த்திருக்கிறார்களாம். மேலும், ஒட்டுப்பொட்டின் பசையிலுள்ள ஒரு ரசாயனம் சிலருக்கு நெற்றியில் வெள்ளையை உண்டாக்கிவிடும்.

இத்துடன் தொடர்புள்ள ஒரு செய்தியை நூலகத்தில் படித்தோம். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் 1956ஆம் ஆண்டில், ரோச்போர்டு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் இருந்த சிஸ்டர் வார்டு (நர்ஸ் சிஸ்டர், கன்னியர் அல்லர்) குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். மஞ்சள் காமாலை கண்ட ஒரு குழந்தையின் உடல் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த முக்கோணம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதை அவர் டாக்டர்களுக்குக் காட்டினார். இன்று காமாலைக் குழந்தைகளை நீல விளக்கின் கீழ் கிடத்துவது அங்கிருந்து தொடங்கியதே. அந்த நீல ஒளி கண்ணுக்குத் தெரிவது, புறஊதா அன்று.

சென்ற வெள்ளியன்று எங்கள் தோழி 52ஆவது முறை அந்தப் பீரோவுக்குள் நின்றுவிட்டு வந்தாள். திங்கட்கிழமை மதிய உணவின்போது, அவள் கையைப் பிடித்து முழங்கையிலுள்ள பழுப்புப் பொட்டுகளை நாங்கள் எண்ணினோம். 17 இருந்தன. அதில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்துவிட்டதால் 16 என்று அவள் வாதாடினாள். விரல்களில் இன்னும் ஒன்றும் வரவில்லை.