வட்டு மாறினாலும் புரோகிராம் மாறாது!

கணிப்பொறியின் திரையில் ஓர் எழுத்தை எழுதுவது எளிய காரியமாகத் தோன்றும். ஆனால், 1970-களில் ஒரு கணிப்பொறியில் அந்த எழுத்தைக் கம்பி வழியாகத் தனித் திரைப்பெட்டிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வேறொன்றில் நினைவகத்தின் குறிப்பிட்ட இடத்தில் எழுதினாலே அது திரையில் தோன்றிவிடும். காந்த வட்டுகளின் நிலை இன்னும் மோசம். ஒவ்வொரு கம்பெனியின் வட்டுக் கருவியும் ஒவ்வொரு விதமாக இயங்கியது. அப்படியானால், ஒருவர் எழுதும் புரோகிராம் இத்தனை எந்திரங்களிலும் ஓடுவது எப்படி?

அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கில்டால் 1974-இல், இன்டெல் 8080 நுண்செயலிக்காக சி.பி./எம். என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதினார். கணிப்பொறியின் உறுப்புகளை மேற்பார்வையிட்டுப் புரோகிராம்களுக்கு வேண்டியதைச் செய்துகொடுப்பதே ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. பிறகு அவர், கருவிகளைச் சார்ந்த பகுதியை மட்டும் தனியே பிரித்து அதற்கு 'பயாஸ்' என்று பெயரிட்டார். மீதியில், நாம் தட்டும் கட்டளைகளைக் கவனிப்பது 'சி.சி.பி.'; கோப்புகளை நிர்வகிப்பது 'பிடாஸ்'. இவ்விரண்டும் எல்லா எந்திரங்களுக்கும் பொது. எந்திரத்துக்கு எந்திரம் மாற்றி எழுத வேண்டியது பயாஸ் மட்டுமே.

பயாஸின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை உண்டு. சி.பி./எம். 2.2 பதிப்பில் அதில் 17 வரிகள். ஒவ்வொரு வரியும் 'இன்ன முகவரிக்குத் தாவு' என்னும் ஆணை. அதன் நீளம் 3 பைட். ஆக மொத்தம் 51 பைட்தான்! வரிசை மட்டும் மாறவே கூடாது. 5-ஆவது வரி ஓர் எழுத்தைத் திரைக்கு அனுப்பும். 14-ஆவது வட்டிலிருந்து படிக்கும்.

புரோகிராம் ஓர் எழுத்தைக் காட்ட விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நுண்செயலியின் 'சி' பதிவகத்தில் 2 என்ற எண்ணையும், 'ஈ' பதிவகத்தில் அந்த எழுத்தையும் வைத்து, நினைவகத்தின் 5-ஆம் முகவரியை அழைக்கும். அங்கிருந்து வேலை பிடாஸுக்குப் போகும். பிடாஸ், அட்டவணையின் 5-ஆவது வரிக்குத் தாவும். அதற்கு அப்பால் கம்பியா, நினைவகமா என்பது பிடாஸுக்குத் தெரியாது. பயாஸுக்கோ கோப்பின் பெயர்கூடத் தெரியாது; எந்தத் தடம், எந்தப் பகுதி என்ற எண்கள் மட்டுமே தெரியும். இந்த அறியாமைதான் இந்த ஏற்பாட்டின் பலம் என்பேன்.

ஆனால் பயாஸ் நுண்செயலியை மறைக்கவில்லை. ஆப்பிள் 2 கணிப்பொறியில் இருந்தது 6502 என்ற வேறு நுண்செயலி. அதற்கு 8080-இன் ஆணைகள் புரியா. எனவே 1980-இல் மைக்ரோசாஃப்ட், 8080-இன் ஆணைகளை அறிந்த இசட்-80 நுண்செயலியையே ஓர் அட்டையில் பொருத்தி, ஆப்பிளில் செருகும்படி விற்றது!

இன்னொரு சிக்கல், வேகம். இத்தனை கைகள் மாறிப் போவதால் ஒவ்வோர் எழுத்துக்கும் நேரமாகிறது. பின்னர் வந்த எம்.எஸ். டாஸிலும் இத்தகைய பிரிவினை இருந்தது. ஆனால் 1983-இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குப் புரோகிராம், வேகத்துக்காக டாஸை விட்டு விலகி, ஐ.பி.எம். பி.சி.யின் திரை நினைவகத்தில் நேரடியாக எழுதியது. திரை நினைவகத்தை வேறு முகவரியில் வைத்திருந்த எந்திரங்களில், டாஸ் இருந்தும் அது ஓடவில்லை. அந்தப் புரோகிராம் வேண்டுமென்று கேட்டு வந்தவர்களுக்கு விற்க விரும்பிய கம்பெனிகள், ஐ.பி.எம். வைத்த அதே முகவரியில் தாமும் திரை நினைவகத்தை வைக்க வேண்டியதாயிற்று.