திமிங்கிலம் நடந்த கதை

இறைவாக்கினர் யோனாவின் வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்டிருக்கிறோம். அவரை விழுங்கியது ஒரு பெரிய மீன் என்று திருநூல் கூறுகிறது. ஆனால் படம் வரையச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் திமிங்கிலத்தையே வரைகிறோம்! விலங்கியல் வகுப்பிலோ, திமிங்கிலம் மீன் இனமே அன்று என்று படிக்கிறோம். அது நுரையீரலால் சுவாசிக்கிறது. குட்டி ஈன்று பால் கொடுக்கிறது. மீன் தன் வாலைப் பக்கவாட்டில் அசைத்து நீந்தும். திமிங்கிலமோ வாலை மேலும் கீழுமாக அசைக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் விலங்கின் முதுகெலும்பும் அப்படித்தான் மேலும் கீழுமாக வளைகிறது.

கடலில் பிறந்து கடலிலேயே மடியும் ஒரு பிராணி, மூச்சு விடுவதற்கு மட்டும் ஏன் மேலே வரவேண்டும்? அதன் முன்னோர் தரையில் நடந்த விலங்குகள் என்பதே பரிணாமக் கொள்கை தரும் விடை. விடை கூறுவது எளிது; சான்று வேண்டாமா? 1859-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் டார்வின், வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடியைக் குறிப்பிட்டு, அத்தகைய விலங்கு நெடுங்காலத்தில் திமிங்கிலம் போன்றதாக மாறக்கூடும் என்று எழுதினார். பலர் நகைத்தனர். அடுத்த பதிப்பிலேயே அப்பகுதியை அவர் சுருக்கிவிட்டார். அன்று அவர் கையில் சான்று இல்லை. இன்று இருக்கிறது. அச்சான்றுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் சாட்சி: பாறை

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பகுதிக்கும் ஆசியாவுக்கும் நடுவே தெதிஸ் என்னும் கடல் இருந்தது. அதன் கரையோரம் படிந்த சேறு இன்று பாகிஸ்தானிலும் காஷ்மீரிலும் பாறையாக நிற்கிறது. பாகிஸ்தானில் கிடைத்த ஒரு விலங்குக்கு 1981-இல் பாக்கிசெட்டஸ் என்று பெயரிட்டனர். ஓநாய் அளவு, நான்கு கால்கள், ஆனால் காதெலும்போ திமிங்கிலத்தினுடையது! அதனினும் சற்றுப் பிந்திய ஆம்புலோசெட்டஸ் 1994-இல் விவரிக்கப்பட்டது. நடக்கவும் நீந்தவும் ஏற்ற பெரிய பாதங்கள் அதற்கு இருந்தன. தெதிஸ் கடல் எகிப்து வரை பரவியிருந்தது. அங்கே இன்று பாலைவனமாகக் கிடக்கும் திமிங்கிலப் பள்ளத்தாக்கில், சுமார் 4 கோடி ஆண்டுக்கு முந்திய பசிலோசாரஸ் எலும்புகள் ஏராளம். 15 மீட்டருக்கும் மேல் நீண்ட அந்தக் கடல்வாழ் உயிருக்கு, உடலைத் தாங்க உதவாத சின்னஞ்சிறு பின்னங்கால்கள் இருந்தது 1990-இல் தெரியவந்தது.

இரண்டாம் சாட்சி: உடல்

இன்றைய திமிங்கிலத்தின் உடலுக்குள்ளே, முதுகெலும்போடு சேராமல், இடுப்பெலும்பின் எச்சம் தனியே கிடக்கிறது. கருவில் இருக்கும்போது பின்னங்கால் மொட்டுகள் தோன்றிப் பின் மறைகின்றன. பல்லில்லாத பலீன் திமிங்கிலத்தின் கருவிலும் பல் மொட்டுகள் முளைத்துக் கரைந்துபோகின்றன.

மூன்றாம் சாட்சி: மரபணு

பல் எனாமலை உண்டாக்கும் மரபணுக்கள் பலீன் திமிங்கிலங்களில் பழுதுபட்ட நிலையில் இன்னும் காணப்படுகின்றன. மேலும், 1990-களில் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், இன்று உயிரோடுள்ள விலங்குகளில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானையே என்று கண்டனர். ஆடு, மாடு, மான் போன்ற இரட்டைக் குளம்பு இனத்தைச் சேர்ந்தது நீர்யானை.

இங்கேதான் ஒரு வழக்கு எழுந்தது. எலும்புகளை ஆராய்ந்தவர்களில் பலர் இதை ஏற்கவில்லை. மறைந்துபோன வேறொரு ஊனுண்ணி இனமே திமிங்கிலத்தின் மூலம் என்று அவர்கள் கருதினர். அவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் பிலிப் கிஞ்சரிச். இரட்டைக் குளம்பு விலங்குகளின் கணுக்கால் எலும்புக்கு ஓர் அடையாளம் உண்டு: அதன் இரு முனைகளும் கிணற்றுக் கப்பியைப் போல் பள்ளம் விழுந்திருக்கும். ஆதித் திமிங்கிலத்தின் கணுக்கால் கிடைத்தால் வழக்கு தீர்ந்துவிடும். அது கிடைத்தது, பாகிஸ்தானில் அதைக் கண்டெடுத்ததும் கிஞ்சரிச்சின் குழுவே! இரு முனையிலும் கப்பி இருந்தது. 2001-இல் அவரே அதை வெளியிட்டு, தம் பழைய கருத்தைக் கைவிட்டார். 2007-இல் மேலும் ஒரு சான்று வெளிவந்தது. இந்திய நிலவியலாளர் ரங்கராவ் காஷ்மீர்ப் பகுதியில் சேகரித்து வைத்திருந்த பாறைகளில், இந்தோஹியஸ் என்னும் சிறு குளம்பு விலங்குக்கும் திமிங்கிலத்தின் காதமைப்பு இருப்பது அவர் மறைந்த பின் தெரியவந்தது.

எந்த விலங்கும் தன் வாழ்நாளில் திமிங்கிலமாக மாறிவிடவில்லை என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும். குட்டிகளுக்குள் சிறு வேறுபாடுகள் உண்டு. நீரில் பிழைக்க உதவும் வேறுபாடு உடையவை அதிகமாகப் பெருகின. பல இலட்சம் தலைமுறைகளில் சிறியது சேர்ந்து பெரியதாயிற்று. கொள்கை என்பது வெறும் ஊகம் அன்று. ஒருவரையொருவர் அறியாத மூன்று சாட்சிகள் ஒரே செய்தியைக் கூறும்போது, நீதிமன்றமும் அதை ஏற்கும் அல்லவா?

இதைப் படித்தால் நம் விசுவாசம் குறையுமோ என்று நம்மில் சிலர் அஞ்சுகிறோம். பெற்றோர் சிலரும் அஞ்சுகின்றனர். திருச்சபை அஞ்சவில்லை. மனித உடலின் தோற்றம் குறித்துப் பரிணாம ஆய்வு நடத்தத் தடையில்லை என்றும், ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்றும் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996-இல் எடுத்துரைத்தார். பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியலுக்கு அடித்தளமிட்ட கிரகோர் மெண்டலும் அகுஸ்தீன் சபைத் துறவியே. எப்படி என்று அறிவியல் கேட்கிறது; எதற்காக, யாரால் என்று விசுவாசம் கேட்கிறது. இரண்டையும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

தோழியரே, அந்தக் கணுக்கால் எலும்பை மறவாதிருப்போம். தாம் எண்ணியதற்கு மாறான சான்று தம் கையிலேயே கிடைத்தபோது அந்த அறிஞர் அதை மறைக்கவில்லை. உண்மைக்கு முன் தலைவணங்கும் அந்தப் பணிவைத்தான் ஆய்வுக்கூடத்திலும் ஆலயத்திலும் நாம் கற்கவேண்டும்.