அப்பா, அம்மா வார்டில் இருக்கும்போது

ஜாசின், அலோர் காஜா மருத்துவமனைகளிலிருந்து மலாக்கா பொது மருத்துவமனைக்கு மாற்றினால், முதல் வேலையாக உங்கள் கோயில் அலுவலகத்துக்கு வார்டு எண், கட்டில் எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

கத்தோலிக்கர் பலர் நோயிற்பூசுதலைச் சாகும் நேரச் சடங்கு என்றே நினைத்து, ஃபாதரைக் கூப்பிடத் தயங்குகிறார்கள். அது நோயாளிக்குப் பலம் தரும் அருட்சாதனம். கடுமையான நோய் என்று தெரிந்ததும், பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் கேட்கலாம்; நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். அம்மா நினைவோடு இருந்து, தானே 'ஆமென்' சொல்லும்போது பெறுவதுதான் நல்லது. மற்ற சபையினர் போதகரை அழைத்து ஜெபிக்கச் சொல்லுங்கள். யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது.

கட்டிலருகே நீண்ட ஜெபம் வேண்டாம். மூச்சு வாங்குபவருக்கு ஒரு சங்கீதம் போதும். தோட்டத்து வீட்டில் அவர் வைத்திருந்த பழைய தமிழ் பைபிளையே எடுத்து வாருங்கள். பழகிய வசனம் காதில் விழுந்தால் உதடு தானாக அசையும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தூங்கினால் குரலைத் தாழ்த்துங்கள்.

ஜெபிக்கிறோம் என்று பிரஷர், இனிப்புநீர் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் பேச்சை ஒருபோதும் கேட்காதீர்கள். லூக்காவையே வைத்தியர் என்று அழைக்கிறது புதிய ஏற்பாடு.

உறவினர் கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல ஒரு பிள்ளை போதும். இரவு காவலை முறைபோட்டுக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் அழுதே ஜெபியுங்கள், சங்கீதங்களில் பல அப்படி வந்தவைதானே.