இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு: என்ன சாப்பிடலாம், எப்போது?

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது அழற்சி. அது நல்லது, ஆறியதும் அடங்கிவிடும். வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உடம்பில் நீடிக்கும் மெல்லிய அழற்சிதான் சிக்கல். தொப்பைக் கொழுப்பு அதைத் தூண்டும். சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அது வழிவகுக்கும்.

இந்த அழற்சியைத் தணிக்கச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்ப்பவரா? கிளம்பும் முன்பே வீட்டில் முக்கியச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். இரவில் இன்சுலின் மந்தமாக வேலை செய்யும். அதே சோறு பகலைவிட ரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றும். நள்ளிரவுப் பரோட்டா சால்னாவுக்குப் பதில் சுண்டல், அவித்த வேர்க்கடலை, கொய்யா, மோர். டீ தாராளமாக, சர்க்கரை மட்டும் குறைவாக.

தீட்டிய அரிசியை அதிகம் உண்பவர்களுக்குத் தொப்பை, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்தே கூடுவதைச் சென்னையில் நடந்த ‘கியூர்ஸ்’ ஆய்வு காட்டியது. சோற்றை விட வேண்டாம். தட்டில் பாதியைக் காயும் கீரையும் பிடிக்கட்டும். ஆவடி, பூந்தமல்லி மார்க்கெட்டில் மத்தி கிடைத்தால் விடாதீர்கள்: விலை மலிவு, ஒமேகா-3 அதிகம். பொரிக்காமல் குழம்பு வையுங்கள்.

பஜ்ஜிக் கடை எண்ணெய் கறுத்து நுரைத்தால் நகர்ந்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018 முதல் சட்ட வரம்பே உண்டு.

அழற்சிக்கென்று மஞ்சள் மாத்திரைக்குப் பணம் கொட்டுவது வீண் என்பேன். ரசத்தில் போடுவது போதும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பாட்டு நேரத்தை மாற்றுங்கள்.