ரப்பீஷ் வெறும் மண் அல்ல

சென்னையில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஓர் இடிப்பு வேலையாவது புதுப்பிப்பு வேலையாவது கண்ணில் படும். அங்கிருந்து கிளம்பும் ரப்பீஷ் எங்கே போகிறது என்பது ஊரறிந்த விஷயம்: ஏரிக்கரை, காலி மனை, மழைநீர் வடிகால் ஓரம். கட்டட இடிபாடுகளுக்கென்று நாட்டில் தனி விதிகள் வந்தது 2016-ல். அதன் பிறகும் நிலைமை இப்படியே இருப்பதற்கு நிர்வாகத்தின் மெத்தனம் ஒரு காரணம். நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சில நம்பிக்கைகள் இன்னொரு காரணம்.

நம்பிக்கை: ரப்பீஷ் வெறும் மண்தானே, பள்ளத்தில் கொட்டினால் இடம் மேடாகும்.

ஒரு குவியலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய சிமெண்ட் சாக்குகளில் டைல்ஸ் சில்லு, பூச்சு ஒட்டிய செங்கல், உடைந்த க்ளோசெட், பிவிசி குழாய், பாதி காய்ந்த பெயிண்ட் டப்பா, ஃபால்ஸ் சீலிங்கில் இருந்த ஜிப்சம் பலகை, பின்கட்டுக் கூரையிலிருந்து கழற்றிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் துண்டுகள். ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதை உடைத்து அள்ளுகிற சித்தாள் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டியிருக்கமாட்டார். இந்தக் கலவையை மண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேடாக்குவது நல்லது என்பதும் தவறு. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கிக் கடலுக்குப் போகிறது. ஒரு காலத்தில் அது 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது பதிவானது சுமார் 1,248 ஹெக்டேர். இடையில் போனதை யாரோ ஒருவர் விழுங்கிவிடவில்லை. பெருங்குடி குப்பைக் கிடங்கு, சாலைகள், அடுக்ககங்கள், அலுவலக வளாகங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. நிலத்தை நிரப்ப லோடு லோடாக மண்ணும் இடிபாடும் வந்தன. தாழ்வான இடத்தை அடைத்துவிட்டால் அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் அடுத்த தெருவுக்குள் ஏறும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த வேளச்சேரிக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: லாரிக்காரருக்குக் காசு கொடுத்தாயிற்று, என் பொறுப்பு முடிந்தது.

முடியவில்லை. கழிவை உண்டாக்குபவரே அதைப் பிரித்து, உரிய இடத்தில் சேர்க்கப் பொறுப்பு என்று 2016 விதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. தெருவிலும் வடிகாலிலும் கொட்டக்கூடாது என்பதும் அதிலேயே இருந்தது.

லாரிக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. பழைய வீட்டை இடிக்கும்போது தேக்கு நிலை, ஜன்னல், இரும்புக் கம்பி, முழுச் செங்கல் எல்லாம் விலைக்குப் போய்விடும். அதற்காக இடிப்பு கான்ட்ராக்டரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பதுண்டு. மிஞ்சுவது விலை போகாத உடைசல். அதை மறுசுழற்சி ஆலை வரை ஏற்றிப்போனால் டீசலும் நேரமும் செலவு, ராத்திரியில் ஏரிக்கரையில் சாய்த்தால் செலவே இல்லை. இந்தக் கணக்கை மாற்றாத எந்த அபராதமும் கொஞ்ச நாளைக்குத்தான் பலிக்கும். வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கொட்டிய இடத்தின் எடைமேடை ரசீது வந்தால்தான் கடைசித் தவணை என்று முன்கூட்டியே பேசிவிடலாம்.

நம்பிக்கை: இதெல்லாம் பெரிய பில்டர்களுக்கான சட்டம்.

பாதி உண்மை. ஒரே நாளில் 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு வந்தால் கான்கிரீட், மண், செங்கல்-காரை, இரும்பு-மரம்-பிளாஸ்டிக் என்று பிரித்து, மேலாண்மைத் திட்டத்துக்கு அனுமதி பெற வேண்டும் என்றது 2016 விதி. 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்று 2025-ல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்கள்மீது மறுசுழற்சி இலக்கைச் சுமத்துகின்றன. நல்ல முன்னேற்றம். ஆனால் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது என்பது ஒரு சாக்கு ரப்பீஷ் வைத்திருப்பவருக்கும் பொருந்தும். சிறிய அளவு என்றால் எங்கே கொட்டலாம் என்று மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம். சந்து வீட்டுக்காரருக்கு நடந்துபோகும் தூரத்தில் ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாததுதான் கொள்கையின் பெரிய ஓட்டை என்பது என் எண்ணம்.

நம்பிக்கை: மறுசுழற்சி ஜல்லியில் கட்டினால் பலம் இருக்காது.

கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியை 2016-லேயே ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 383 ஏற்றுக்கொண்டது. கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, எம்25 தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை, அடிமட்ட லீன் கான்கிரீட்டில் முழுவதுமாகவே சேர்க்கலாம். டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டட வளாகத்தில் இடிபாட்டிலிருந்து செய்த சுமார் 18 லட்சம் பிளாக்குகள் போயிருக்கின்றன. கலப்படம்தான் பலத்தைக் கெடுக்கும். ஜிப்சத்திலுள்ள சல்பேட் கான்கிரீட்டை அரிக்கும். வீட்டு வாசலிலேயே பிரித்துக் கட்டச் சொல்வது அதனால்தான்.

நம்பிக்கை: ஆலை வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது.

பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 400 டன் திறனுள்ள ஆலைகள் இருக்கின்றன. இந்தியாவின் முதல் ஆலை 2009-ல் டெல்லி புராரியில் வந்தது. அந்த ஊரும் இன்னும் இடிபாட்டோடு போராடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆலைக்குள் சரக்கு வர வேண்டும், வெளியே போகும் பேவர் பிளாக்கையும் மணலையும் யாராவது வாங்க வேண்டும். அரசு, உள்ளாட்சி ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட பொருள்களை 10 முதல் 20 சதவீதம் அளவுக்குக் கட்டாயமாக்கலாம் என்று 2016 விதிகளே வழிகாட்டின. நடைபாதை போடும் ஒவ்வொரு டெண்டரிலும் அந்த ஒரு வரி இருந்தால் ஆலைக்கு நிலையான வருமானம் வரும்; வருமானம் வந்தால் லாரிக்காரரிடம் கட்டணத்தைக் குறைத்து வாங்க முடியும். உங்கள் தெருவில் அடுத்த முறை நடைபாதைக்குக் கல் இறங்கும்போது, அது எந்த ஆலையிலிருந்து வந்தது என்று வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். டெண்டரில் அந்த வரி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.