இறால் உரிக்கும் கை மரத்துப்போனால்

தூத்துக்குடி இறால் கம்பெனிகளில் உரிப்பு வேலை பார்க்கும் அக்காமாரிடம் கையைப் பற்றிக் கேட்டால், "நாள் முழுக்க ஐஸ்லேயே கெடக்குற கை, மரத்துத்தான போவும்" என்பார்கள். குளிரில் மரத்த கை வீடு போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிட வேண்டும். நடுராத்திரியில் விரல் விறுவிறுத்து எழுப்பிவிடுகிறது, கையை உதறினால்தான் அடங்குகிறது என்றால் ஐஸை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்த விரல் என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால் 'கார்ப்பல் டனல்' கோளாறாக இருக்கலாம். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு அந்த விரல்களுக்கான நரம்பும் நெருக்கியடித்துப் போகிறது. இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உருவி, குடலை இழுக்கும் அதே அசைவு ஆயிரக்கணக்கில் நடக்கும்போது நாண்களின் உறை வீங்கி நரம்பை அழுத்துகிறது.

ராத்திரி மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை போட்டுப் படுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். தைலம் இதற்கு உதவாது. தொளதொளவென்ற கையுறை வழுக்கும், அதனால் பிடி இறுகும்; உங்கள் அளவைக் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி ஓய்வெடுங்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம். கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கு நிமிஷம்கூடக் காசு. ஆகவே தட்டு எடைக்குப் போகும் இடைவெளியிலாவது விரல்களை விரித்து மடக்குங்கள். தரம் பிரிப்பது, பேக்கிங் என்று வேலையை மாற்றித் தரும்படி சூப்பர்வைசரிடம் கேளுங்கள், ஒருவராக இல்லாமல் நாலைந்து பேராகப் போய்.

சம்பளத்தில் ஈஎஸ்ஐக்கு 0.75% பிடிக்கிறார்களா? அப்படியானால் ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போங்கள். வெறுமனே "கை வலி" என்று சொன்னால் வலி மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எந்த விரல், ராத்திரி எழுப்புகிறதா என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நரம்புச் சோதனை தேவையா என்றும் கேளுங்கள். டாக்டர் சான்றிதழோடு லீவு எடுத்தால் சம்பளத்தில் 70%, வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதச் சந்தாக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர்கள் முதலில் ஈஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவர் கட்டாமல் விட்டாலும் கம்பெனிதான் பொறுப்பு.

கட்டைவிரல் அடிச்சதை வற்றத் தொடங்கியிருந்தால் பட்டையை நம்பி நாள் கடத்தாதீர்கள். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படும். வற்றிய சதை முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.