மிதிவண்டியின் முன்கவையை மாற்றுமுன்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக.

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்குக் கரையில் அமைந்துள்ள பொந்தியான் மாவட்டம் பெரும்பாலும் சமதரையான பகுதியாகும். பெக்கான் நானாஸின் அன்னாசித் தோட்டங்கள், பரந்த செம்பனைத் தோட்டங்கள், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையான தஞ்சோங் பியாயின் அலையாத்திக் காடுகள் ஆகியன இம்மாவட்டத்தின் அடையாளங்கள். கிழக்கே, 654 மீட்டர் உயரமுள்ள பூலாய் மலை எழுந்து நிற்கிறது. ஆகவே, இங்கு வாழும் மிதிவண்டிப் பிரியர்களுக்குத் தார்ச்சாலை, தோட்டத்துச் செம்மண் பாதை, வேர்கள் நிறைந்த மலைத்தடம் ஆகிய மூன்றும் அருகிலேயே உள்ளன.

நான்காம் படிவ மாணவர் ஒருவர், தம் பழைய மலை மிதிவண்டிக்குப் புதிய முன்கவை வாங்கச் சேமிப்புப் பணத்துடன் கடைக்குச் செல்கிறார் என வைத்துக்கொள்வோம். முன்சக்கரத்தை இரு கால்களாலும் பற்றியிருக்கும் உறுப்பே முன்கவை. கடைக்காரர்கள் அதனை 'ஃபோர்க்' என்பர். கடையில் இருப்பவற்றுள் மிக நீளமானதே மிகச் சிறந்தது என்று அம்மாணவர் எண்ணுகிறார். அவ்வெண்ணம் சரியா?

அதிர்வு தாங்கும் முன்கவையினுள் இரண்டு வேலைகள் நடைபெறுகின்றன. சக்கரம் ஒரு வேரின்மீது மோதும்போது, உள்ளிருக்கும் சுருள்வில்லோ அடைக்கப்பட்ட காற்றோ அமுங்கி அந்த ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. வில் மட்டும் இருந்தால், வாங்கிய ஆற்றலை உடனே திருப்பித் தந்து ஓட்டுநரைத் துள்ளச் செய்யும். அதனைத் தடுக்கவே எண்ணெய் பயன்படுகிறது. சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கித் தள்ளப்படும்போது, ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக மாறுகிறது. முன்கவை நிதானமாக மேலெழுகிறது. முன்கவை எவ்வளவு தூரம் அமுங்கக்கூடுமோ அதனை அமிழ்தூரம் எனலாம்.

இந்தக் கருவி மலை மிதிவண்டிக்கு வந்து நெடுங்காலம் ஆகவில்லை. மோட்டார் சைக்கிள் துறையில் பட்டறிவு பெற்ற போல் டர்னர், 1989-இல் அமெரிக்காவில் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் முன்கவையின் அமிழ்தூரம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான். 1990-இல் கொலராடோ மாநிலத்தின் துராங்கோ நகரில் நடைபெற்ற உலக வெற்றியாளர் போட்டியில், கிரெக் ஹெர்போல்ட் அதனைப் பொருத்திய மிதிவண்டியில் மலை இறக்கப் பந்தயத்தை வென்றார். இன்று கடைகளில் கிடைக்கும் பல முன்கவைகள் அதனைவிட இரு மடங்கு, மும்மடங்கு அமுங்குகின்றன. எனினும், நீளம் மட்டுமே வெற்றி தருவதில்லை.

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பது பழமொழி. மிதிவண்டியின் சட்டகம் குறிப்பிட்ட நீளமுள்ள முன்கவைக்காகவே வடிவமைக்கப்படுகிறது. 100 மில்லிமீட்டர் அமிழ்தூரத்திற்கான சட்டகத்தில் 120 மில்லிமீட்டர் முன்கவையைப் பொருத்தினால், முன்பகுதி உயர்ந்து, முன்கவையின் சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை மாறும். அதற்கும் மேல் நீளமானால், மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் நிலத்தை விட்டு எழ முற்படும். மேலும், நீண்ட நெம்புகோலைப்போல் முன்கவை சட்டகத்தின் தலைக்குழாயை அழுத்தும். அங்கு விரிசல் ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே, சட்டகத்தைத் தயாரித்தவர் குறிப்பிடும் எல்லையை மீறலாகாது.

நீளத்தைத் தவிர நான்கு பொருத்தங்களையும் பார்க்க வேண்டும். முதலாவது, சக்கரத்தின் அளவு, 26, 27.5, 29 அங்குலம் என அது வேறுபடும். இரண்டாவது, கழுத்துக்குழாய். பழைய சட்டகங்கள் பலவற்றில் 28.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள நேர்க்குழாயே நுழையும். அடிப்பகுதி அகன்ற புதியவகைக் குழாய் நுழையாது. மூன்றாவது, அச்சு, 9 மில்லிமீட்டர் அச்சுக்கான சக்கரம் 15 மில்லிமீட்டர் அச்சுக்கான முன்கவையில் அப்படியே பொருந்தாது. நான்காவது, பிரேக். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய பிரேக்கைப் பொருத்தும் இடம் புதிய முன்கவைகள் பலவற்றில் இல்லை. இவற்றுள் ஒன்றை மறந்தாலும், வாங்கிய பொருள் வீட்டு மூலையில்தான் கிடக்கும். கழுத்துக்குழாயை அளவுக்கு வெட்டிப் பொருத்தும் பணியையும் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே நலம். குறையாக வெட்டினால் மீண்டும் வெட்டிக்கொள்ளலாம். மிகுதியாக வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது.

பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. ஓட்டுநர் ஏறி அமர்ந்தவுடன் முன்கவை சற்று அமிழ வேண்டும். பொதுவாக, மொத்த அமிழ்தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அமிழ்ந்தால் போதும். அமிழ்தூரம் 100 மில்லிமீட்டராயின், 20 மில்லிமீட்டர் அமிழ்வதே இவ்வளவாகும். காற்று முன்கவையில், அதற்குரிய பம்பினால் காற்றைக் கூட்டியும் குறைத்தும் இதனைச் சரிசெய்யலாம். எடை மிகுந்தவருக்குச் சரியான காற்றழுத்தம் மெலிந்தவருக்குக் கல்லைப்போல் இறுகியிருக்கும். ஆகவே, நண்பரின் அளவை அப்படியே பின்பற்றுவதில் பயனில்லை.

பொந்தியானின் கடற்காற்றில் உப்பு உண்டு. மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதைகளில் சேறும் உண்டு. ஓட்டி முடித்தவுடன் முன்கவையின் பளபளப்பான குழாய்களை ஈரத் துணியால் துடைத்து உலர்த்துதல் நன்று. மணலோடு விட்டுவிட்டால் அது முத்திரை வளையங்களை அரித்து எண்ணெய் கசியச் செய்யும்.

இப்பொழுது அம்மாணவரிடம் திரும்புவோம். அவர் நாள்தோறும் தார்ச்சாலையில் பள்ளிக்குச் செல்பவராயின், டயரில் சரியான காற்றழுத்தமே போதுமான சுகத்தைத் தரும். பழைய முன்கவை இறுகிப்போயிருந்தால், சுத்தம் செய்து எண்ணெய் மாற்றினாலே அது மீண்டும் இயங்கக்கூடும். வார இறுதிகளில் வேரும் கல்லும் நிறைந்த தடத்தில் ஓட்டுபவராயின், தம் சட்டகத்திற்கு ஏற்ற முன்கவையை வாங்குவதில் தவறில்லை. எந்தப் பொருளை வாங்கலாம் என்று கேட்குமுன், எந்தப் பாதையில் செல்கிறோம் என்று கேட்பவரின் பணம் வீணாவதில்லை. உடலுக்கும் தீங்கு நேர்வதில்லை.

கருத்துணர் கேள்விகள்

1. முன்கவையினுள் எண்ணெய் ஆற்றும் பணி யாது?
2. அளவுக்கு மீறி நீளமான முன்கவையால் விளையும் தீமைகள் இரண்டனைக் குறிப்பிடுக.
3. 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' எனும் பழமொழி இக்கட்டுரைக்கு எவ்வாறு பொருந்துகிறது?
4. அம்மாணவருக்கு நீர் கூறும் அறிவுரை யாது? காரணத்துடன் எழுதுக.